சூடா இருக்கிற பேட்டரிக்கு சார்ஜ் போடாதீங்க!

நாகப்பட்டினம்: கஜா புயலில் (2018) நாள்கணக்கில் கரண்டு இல்லாமல் தவித்த நாகை பகுதிக்கு ஒயர் இல்லாத டிரில்லிங் மெஷினின் அருமை தெரியும். ஆனால் இதன் லித்தியம் அயன் பேட்டரிக்கு எமன் சூடுதான்.

வெயிலில் வேலை பார்த்த கையோடு சார்ஜரில் சொருகாதீங்க. நிழலில் ஆறட்டும். 18 வோல்ட் பேட்டரிக்குள் 5 செல்கள் வரிசையாக இருக்கும். ஒன்று கெட்டாலும் மொத்தமும் போச்சு!

பழைய நிக்கல் காட்மியம் பேட்டரி மாதிரி சார்ஜை சுத்தமாக தீர்க்கணும் என்பதும் தப்பு. வேகம் குறைந்ததுமே கழற்றிவிடுங்கள்.

படகு வேலையில் கடல் தண்ணீருக்குள் விழுந்துவிட்டதா? காயவைத்து சார்ஜ் போடவே கூடாது. உப்புத்தண்ணீர் உள்ளே ஷார்ட் ஆக்கிவிடும். சில நாள் கழித்துகூட தீப்பிடிக்கலாம். வீட்டுக்குள் வைக்காமல் வெளியே தள்ளி வையுங்க.