ஆல்கஹாலில் குளிக்கும் மாவு

ஐஸ்கிரீம் நாக்கில் நறநறக்காமல் இருப்பதிலும், பற்பசையிலிருந்து நீர் பிரிந்து வழியாமல் இருப்பதிலும் ஒரு வெள்ளைத் தூளுக்குப் பங்குண்டு. சோடியம் கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ் என்பது முழுப்பெயர், ஆலைக்காரர்களுக்கு சி.எம்.சி. முதல் உலகப் போர்க் காலத்து ஜெர்மனியில் பிறந்த சரக்கு. இந்தியாவில் இதைத் தயாரிக்கும் ஆலைகள் குஜராத்தில் அதிகம்.

மரக்கூழ், இல்லையென்றால் பருத்திக்கொட்டையில் ஒட்டியிருக்கும் குறும்பஞ்சு. இவைதான் மூலப்பொருள். இரண்டும் தண்ணீரில் கரையாதவை. கரைய வைப்பதுதான் வேலையே. பொடித்த கூழை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் கலக்கி, காஸ்டிக் சோடாக் கரைசலை விடுகிறார்கள். இழைகள் ஊதி, இறுக்கம் தளர்கிறது. உள்ளே காற்று இருந்தால் ஆக்சிஜன் செல்லுலோஸ் சங்கிலியை அறுத்துவிடும். சங்கிலி குட்டையானால் கெட்டித்தன்மை போச்சு. அதனால் ரியாக்டரில் நைட்ரஜனை நிரப்புவதுண்டு. ஆல்கஹால் தீப்பிடிக்காமலும் அது காக்கும்.

அடுத்து மோனோகுளோரோ அசிட்டிக் அமிலம். இங்கே அஞ்ச வேண்டிய சாமான் இதுதான்: உடம்பில் பத்தில் ஒரு பங்கு நனைந்தாலே உயிர் போகலாம். இதைச் சேர்த்து 60, 70 டிகிரி செல்சியஸில் சூடேற்றுகிறார்கள். செல்லுலோஸின் ஒவ்வொரு குளுக்கோஸ் அலகிலும் இந்த அமிலத்தின் துணுக்கு ஒட்ட மூன்று இடங்கள் உண்டு. சராசரியாக 0.7 இடம் நிரம்பினால் நன்றாகக் கரையும், 0.4க்குக் கீழே என்றால் வெறுமனே ஊறிக் கிடக்கும்.

இனிதான் உண்மையான தலைவலி. வினை முடிந்ததும் கையில் இருப்பது சுத்தமான சி.எம்.சி. அல்ல; சாதாரண உப்பும் சோடியம் கிளைகோலேட்டும் கால் பங்குக்கு மேல் கலந்திருக்கும். எண்ணெய்க் கிணறு தோண்டும் சேற்றுக்கும் சோப்புத் தூளுக்கும் இப்படியே அனுப்பலாம். வாய்க்குள் போவதென்றால் 99.5 சதவீதத் தூய்மை வேண்டும். உப்பைப் போக்கத் தண்ணீரில் அலசினால்? மொத்தமும் கூழாகிவிடும். தண்ணீரில் கரைவதற்கென்றே செய்த பொருளாயிற்றே! ஆகவே தண்ணீர் குறைவாகச் சேர்த்த ஆல்கஹாலில் அலசுகிறார்கள். அதிலுள்ள கொஞ்சம் தண்ணீர் உப்பை இழுத்துக்கொள்ளும், சி.எம்.சி. கரையாது. சென்ட்ரிஃபியூஜில் பிழிந்து, மறுபடி அலசி, மறுபடி பிழிவார்கள். அழுக்கான ஆல்கஹாலைக் காய்ச்சி வடித்து மீட்டாக வேண்டும்; விட்டால் கட்டுபடியாகாது. என் கணக்கில் இது பாதி ரசாயன ஆலை, பாதி வடிசாலை. பிறகு உலர்த்தி, அரைத்து, சலித்து, கரைசலின் பிசுபிசுப்பை அளந்து மூட்டை கட்டுகிறார்கள்.

கேக் அலங்காரத்துக்காக இந்தத் தூளைச் சில்லறையில் வாங்குகிறவர்கள், பொட்டலத்தில் ‘உணவுத் தரம்’ என்றும் 466 என்ற எண்ணும் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். அலசாத சரக்கும் பார்வைக்கு வெள்ளைத் தூள்தான்.