எழுப்பிவிட்ட ஐயம்

நெருப்புச் சுடும் என்பதை நாம் அறிவோம். ஆனால், ‘காரணம்’ என்னும் தொடர்பை எவரேனும் கண்ணால் கண்டதுண்டா? ஒன்றன்பின் ஒன்று நிகழ்வதையே காண்கிறோம். எஞ்சியதைப் பழக்கம் உள்ளத்தில் ஊட்டுகிறது என்றார் ஸ்காட்லாந்து அறிஞர் டேவிட் ஹியூம். இவ்வையம் ஜெர்மானிய மேதை இம்மானுவேல் காண்ட் அவர்களை உலுக்கிற்று. தம்மை உறக்கத்தினின்று எழுப்பியவர் ஹியூமே என்று 1783ஆம் ஆண்டு வெளிவந்த நூலில் அவர் எழுதினார். எனினும் ஹியூமின் முடிவை அவர் ஏற்கவில்லை. காரணம் என்பது, அனுபவத்தை அறிவாக்குவதற்கு மனம் இயல்பிலேயே கொண்டுள்ள கருவி என்று விடை கண்டார்.

இதனையொத்த நிகழ்ச்சி நம் அண்டையிலும் உண்டு. சூளூர்பேட்டை அடங்கிய மாவட்டத்தின் தலைநகரான திருப்பதியில், ஜெர்மானிய லூத்தரன் மிஷன் பள்ளியில் பயின்றவர் டாக்டர் இராதாகிருஷ்ணன். பின்னர்ச் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் ஸ்காட்லாந்துப் பேராசிரியர் ஆல்பிரட் ஜார்ஜ் ஹாக் அவருக்கு ஆசிரியரானார். வேதாந்தத்தில் அறத்துக்கு இடமில்லை என்று பாதிரிமார் கூறிய குறை மாணவரின் நெஞ்சைத் தைத்தது. அவர் சினந்து விலகவில்லை. மூல நூல்களைக் கற்றார். 1908இல் வெளிவந்த வேதாந்த அறம் பற்றிய ஆய்வுரையால் மறுமொழி தந்தார். அதனைப் பாராட்டியவர்களுள் ஹாக்கும் ஒருவர்.

வேற்று மாநிலத்தில் வாழும் தங்களிடமும் நம் மரபைக் குறித்துப் பிறர் வினவக்கூடும். அவ்வினாவைப் பகையென்று எண்ணாது, நம் நூல்களை மீண்டும் திறக்க வந்த அழைப்பென்று கொள்வோமாக.