கடுகுக் கணினி – 17: பந்தியில் இடம் இருக்கிறதா?

சென்ற இதழில் கடிகார வேகத்தோடு மல்லுக்கட்டினோம். மெகாஹெர்ட்ஸைப் பார்த்துச் சில்லு வாங்குவது ஹாரன் சத்தத்தைக் கேட்டு லாரி வாங்குவது போல என்று முடித்தோம். மறந்தவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளலாம். இந்த வாரம் பேட்டரியைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். ஆனால் பேட்டரிக்குப் போகிற வழியில் ஓர் எண் குறுக்கே வந்து உட்கார்ந்துகொண்டது: 16,384. அதைத் தாண்டிப் போக முடியவில்லை. இணையத்தோடு பேசும் மைக்ரோகன்ட்ரோலரைத் தேர்ந்தெடுக்கும்போது வேகம், விலை, கால்களின் எண்ணிக்கை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கேள்வியைக் கேட்க வேண்டும்: இணைப்பு உயிரோடு இருக்கும்போது ரேமில் மிச்சம் எவ்வளவு? இந்தத் தொடரில் இதை வேறு வேறு சாக்கில் முன்பும் சொல்லியிருக்கிறேன். இந்த முறை கணக்கோடு சொல்கிறேன்.

வலைத்தொடர்பு ஏன் இவ்வளவு இடம் கேட்கிறது? மோட்டாரை ஓட்டும் சில்லுக்கு ஞாபகசக்தி அதிகம் தேவையில்லை. அளவைப் படிக்கிறது, ஒப்பிடுகிறது, ரிலேயைத் தட்டுகிறது, மறந்துவிடுகிறது. வலையில் அந்த மறதி கூடாது. அனுப்பிய பொட்டலம் போய்ச் சேர்ந்ததென்று எதிர்முனை சொல்லும் வரை அதன் நகலைக் கையில் வைத்திருக்க வேண்டும். வழியில் தொலைந்தால் மறுபடி அனுப்ப வேண்டும். மூன்றாவது பொட்டலம் முந்தி வந்துவிட்டால், இரண்டாவது வரும் வரை அதை ஓரமாக உட்கார வைக்க வேண்டும். இப்போது அளவுகளைப் பாருங்கள். ஈதர்நெட்டில் ஒரு சட்டகம் அதிகபட்சம் 1,518 பைட். ஆர்டுயினோ ஊனோவில் இருக்கும் ஏடிமெகா328பி சில்லின் மொத்த ரேம் 2,048 பைட். முழுச் சட்டகம் ஒன்று உட்கார்ந்தால் இரண்டாவதற்கு இடமில்லை. நிரலின் மாறிகள் எல்லாம் எஞ்சிய ஐந்நூற்றுச் சொச்சம் பைட்டில் ஒண்டிக்கொள்ள வேண்டும். ஆனாலும் ஊனோவை இணையத்தில் இணைத்தவர்கள் ஏராளம். எப்படி என்றால், அவர்கள் சேர்த்துக்கொண்ட இஎன்சி28ஜே60 சில்லுக்குள் 8 கிலோபைட் இருந்தது; ஈதர்நெட் ஷீல்டில் இருந்த டபிள்யூ5100 சில்லுக்குள் 16 கிலோபைட் இருந்தது. கம்பி மாட்டும் துளை வாங்குவதாக நினைத்துக்கொண்டு அவர்கள் உண்மையில் ரேம் வாங்கினார்கள்.

இந்த வாரம் என்னைக் கட்டிப்போட்ட சங்கதி இனிமேல்தான் வருகிறது. சுவீடனின் கணினி அறிவியல் ஆய்வு நிறுவனத்தில் இருந்த ஆடம் டன்கெல்ஸ், எட்டு பிட் சில்லுகளுக்கு, இணையத்தின் அடிப்படை நெறிமுறையான டிசிபி/ஐபியை முழுமையாக எழுத முடியாது என்ற நம்பிக்கையை உடைத்தார். அவர் எழுதிய யுஐபி என்ற நிரலுக்குச் சில நூறு பைட் ரேம் போதும். அதை எப்படிச் சாதித்தார் என்பதை 2003-ல் ஒரு கட்டுரையில் விளக்கினார். வருகிற பொட்டலத்துக்கும் போகிற பொட்டலத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு பஃபர். அனுப்பியதன் நகலை வைத்துக்கொள்வதே இல்லை. அப்படியானால் தொலைந்துபோனால்? யுஐபி நேராகப் பயன்பாட்டு நிரலிடம் போய், "சற்றுமுன் நீ சொன்னதைத் திரும்பச் சொல்" என்று கேட்கும். வலைப்பக்கம் ஃபிளாஷில் அப்படியே கிடக்கிறது. மறுபடி அதிலிருந்து எடுத்துக் கொடுத்தால் ஆயிற்று. வெப்பநிலை வாசகமானால் அதே எண்ணை வைத்து மறுபடி உருவாக்கலாம். நகல் எடுத்து அலமாரியில் அடுக்குவதற்குப் பதிலாக, கேட்டால் மறுபடி எழுதித் தருகிறேன் என்கிற குமாஸ்தாவின் வழி இது. இடத்தைக் கொடுக்க முடியாதவர் உழைப்பைக் கொடுக்கிறார்.

இதற்கு ஒரு விலை இருந்தது. அந்த விலையைக் குறைக்க வந்த தந்திரம் அதைவிட அழகு. ஒரே பஃபர் என்பதால் யுஐபி ஒரு பொட்டலத்தை அனுப்பிவிட்டுப் பதில் வரும் வரை சும்மா நிற்கும். எதிரே இருக்கும் பெரிய கணினியோ, இரண்டாவது பொட்டலமும் வரட்டும், இரண்டுக்கும் சேர்த்து ஒரே ரசீது கொடுத்துவிடலாம் என்று காத்திருக்கும். விதிப்படி அரை நொடி வரை அது காத்திருக்கலாம். 200 மில்லிநொடி காத்திருப்பது பரவலான வழக்கம். இவர் ரசீதுக்காக நிற்கிறார், அவர் அடுத்த பொட்டலத்துக்காக நிற்கிறார். நொடிக்கு ஐந்து பொட்டலம் என்று வேகம் படுத்துவிடும். யுஐபியோடு வந்த ஒரு சிறு துணைநிரல், போகிற பொட்டலத்தைப் பாதியாகப் பிளந்து இரண்டாக அனுப்பும். இரண்டு வந்துவிட்டதே என்று எதிர்முனை உடனே ரசீது போடும். இதே யுஐபியை உள்ளே வைத்துக்கொண்டுதான் டன்கெல்ஸின் கான்டிகி இயங்குதளம், 1982-ல் வந்த 64 கிலோபைட் கமடோர் 64 கணினியை இணையத்தில் ஏற்றியது. அதில் ஓர் உலாவிகூட ஓடியது. அந்தக் கதைக்கே ஓர் அத்தியாயம் தர ஆசைதான். பக்கம் இல்லை.

இவ்வளவு சிக்கனமாகச் செய்ய முடிந்தது என்றால் இன்றைக்கு மட்டும் ஏன் ரேமைப் பிடித்துத் தொங்க வேண்டும் என்று யாரும் கேட்பார்கள். நியாயமான கேள்வி. டன்கெல்ஸின் தந்திரம், நாம் சொன்னதை நாமே திரும்பச் சொல்ல முடியும் என்பதில் நிற்கிறது. அடுத்தவர் சொன்னதை நாம் உருவாக்க முடியாது. வந்ததை வாங்கி வைத்தே ஆக வேண்டும். வந்தது வெற்று எழுத்தாக இருந்தால் துண்டு துண்டாகப் படித்து விழுங்கிவிடலாம். பூட்டி வந்தால் முடியாது. இன்றைய இணையத்தில் பெரும்பாலும் எல்லாமே டிஎல்எஸ் என்ற பூட்டோடுதான் வருகிறது. டிஎல்எஸ் செய்தியை உறை உறையாகக் கட்டுகிறது. ஓர் உறைக்குள் அதிகபட்சம் 16,384 பைட் இருக்கலாம். உள்ளே இருப்பதை யாரும் திருத்தவில்லை என்பதற்கான முத்திரை, இன்று புழங்கும் முறைகளில், உறையின் கடைசியில் இருக்கிறது. முத்திரையைச் சரிபார்க்காமல் உள்ளே இருப்பதை நம்பிச் செயல்படக் கூடாது. ஆகவே உறை முழுவதும் வந்து சேரும் வரை அதை ஏந்திக்கொண்டிருக்கப் பாத்திரம் வேண்டும். அந்தப் பாத்திரத்தின் கொள்ளளவுதான் நம் 16,384. சிறு சில்லுகளில் அதிகம் புழங்கும் எம்பெட் டிஎல்எஸ் நூலகம், யாரும் மாற்றாவிட்டால், உள்வரவுக்கு ஒன்று, வெளிச்செல்ல ஒன்று என்று இரண்டு பாத்திரம் வைக்கும். 32 கிலோபைட் அங்கேயே போயிற்று. சிறிய உறையாக அனுப்பு என்று சர்வரிடம் கேட்க ஒரு வசதி டிஎல்எஸ்ஸில் உண்டு. 512 பைட் வரை இறங்கலாம். ஆனால் எல்லாச் சர்வர்களும் அதற்குச் செவிசாய்ப்பதில்லை. சர்வரும் நம்முடையது என்றால் இந்த வழி நல்ல வழி. மற்றவர் சர்வரோடு பேசுவதென்றால் அவர் தயவை நம்பிச் சில்லு வாங்குவதாக ஆகும்.

கணக்கை ஒரு நிஜச் சில்லில் போட்டுப் பார்ப்போம். ஷாங்காயின் எஸ்பிரெசிஃப் நிறுவனம் செய்த இஎஸ்பி8266, 2014-ல் ஒரு மலிவான வைஃபை மோடமாகக் கடைக்கு வந்து, தானே முழுக் கணினியாக இயங்கும் என்று தெரிந்ததும் உலகெங்கும் பரவியது. ரூட்டரோடு இணைந்த பிறகு நம் நிரலுக்குக் கிடைப்பது சுமார் 50 கிலோபைட் என்று நிறுவனமே தன் தகவல் ஏட்டில் சொல்கிறது. அதில் 32 கிலோபைட்டை உறைகளுக்குக் கொடுத்தால் மிச்சம் 18. சான்றிதழைச் சரிபார்க்கும் கணக்குகளும் நம் நிரலும் அதற்குள் அடங்க வேண்டும். இதைவிடக் குறும்பான தொல்லை ஒன்று உண்டு. ரேமில் 30 கிலோபைட் காலி என்று சில்லு சொல்லும். இணைப்பு மட்டும் அமையாது. கல்யாணப் பந்தியில் முப்பது இலை காலியாக இருக்கிறது, ஆனால் இங்கே ஒன்று, அங்கே இரண்டு. பதினாறு பேரும் சேர்ந்துதான் உட்காருவோம் என்று வருகிற கூட்டத்துக்கு அந்த முப்பதால் பயன் இல்லை. மேசைக் கணினியில் சிதறிக் கிடக்கும் இடங்களை ஒரே வரிசைபோலக் காட்டுவதற்கு வன்பொருள் இருக்கிறது. இந்தச் சின்னச் சில்லில் அது இல்லை. எனவே பார்க்க வேண்டியது மொத்தக் காலியிடத்தை அல்ல, ஒட்டுமொத்தமாகக் கிடைக்கும் மிகப்பெரிய துண்டை.

விளம்பரத்தில் வரும் எண்ணையும் அப்படியே நம்பக் கூடாது. 2016-ல் வந்த இஎஸ்பி32-ல் 520 கிலோபைட் என்று போட்டிருக்கும். அதில் 200 நிரல் கட்டளைகளுக்கான பகுதி, தரவுக்கு 320. எஸ்டிஎம்32எஃப்407-ல் 192 கிலோபைட். ஆனால் அதில் 64 கிலோபைட் மைய அலகு மட்டுமே தொடக்கூடிய தனி அறை. ஈதர்நெட் வன்பொருள் பொட்டலங்களைத் தானே ரேமில் கொண்டுபோய் வைக்கும். இந்த அறைக்குள் அதால் நுழைய முடியாது. பஃபரைத் தெரியாமல் அங்கே ஒதுக்கியவருக்கு நிரல் பிழையின்றித் தொகுக்கப்படும், பொட்டலம் மட்டும் வந்து சேராது. ராஸ்பெர்ரி பை பிக்கோ டபிள்யூவில் 264 கிலோபைட். இருப்பதில் எளிமையான கணக்கு இதுதான். மூன்று சில்லுகளுக்கும் தயாரிப்பாளர் தரும் மென்பொருளில் இருக்கும் டிசிபி/ஐபி நிரல் எல்டபிள்யூஐபி. அதை முதலில் எழுதியவரும் அதே ஆடம் டன்கெல்ஸ்தான்.

இனி மறுப்புகள். டிசிபி முழுவதையும் வன்பொருளாகவே செய்துவைத்திருக்கும் டபிள்யூ5500 போன்ற சில்லைச் சேர்த்துக்கொண்டால், பிரதான சில்லு சிறியதாக இருக்கலாமே என்பது முதல் மறுப்பு. அதில் 32 கிலோபைட் இருக்கிறது, எட்டு இணைப்புகளைக் கையாளும், கம்பிவழி வேலைக்கு நம்பகமானது. ஆனால் அது தபால்காரர்; உறையைக் கொண்டுவந்து தரும், பிரிக்காது. பூட்டைத் திறப்பதும் முத்திரை பார்ப்பதும் பிரதான சில்லின் தலையில்தான் விழும். 16,384 அங்கே காத்திருக்கும். வைஃபை மோடத்தையே டிஎல்எஸ் செய்யச் சொல்லி, தொடர்வழிக் கம்பியில் ஏடி கட்டளைகள் அனுப்பினால் என்ன என்பது அடுத்தது. செய்யலாம். 1981-ல் ஹேய்ஸ் மோடத்தோடு வந்த அந்தக் கட்டளை மொழி இன்னும் சாகவில்லை. ஆனால் அப்போது ஒரு பொருளுக்குள் இரண்டு கணினிகள், இரண்டு மென்பொருள்கள், இரண்டையும் புதுப்பிக்கும் பொறுப்பு. பழைய கருவியில் புதிதாக இணையம் சேர்ப்பவருக்கு அது சரி. புதிதாகத் தொடங்குபவர் அந்த மோடத்துக்குள் இருக்கும் சில்லிலேயே தன் நிரலையும் ஓட்டிவிடலாம்.

வெறும் வெப்பநிலையை அனுப்பும் கருவிக்குப் பூட்டு எதற்கு என்பது வலுவான மறுப்பு. வெப்பநிலையில் ரகசியம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் இத்தகைய கருவிகள் செய்தி அனுப்பும் எம்க்யூடிடி நெறிமுறை வழியாக 1883 போர்ட்டில் பூட்டில்லாமல் போகும்போது, வெப்பநிலையோடு சேர்ந்து கருவியின் கடவுச்சொல்லும் வெளிச்சத்தில் போகிறது. அதைப் படித்தவர் நாளைக்குக் கருவியின் பெயரில் பேசலாம். வால்வையோ மோட்டாரையோ இயக்கும் கட்டளை அதே வழியில் வருகிறது என்றால் ஆபத்தை விளக்க வேண்டியதில்லை. இன்னொன்று: கருவிக்குப் பழுதுபார்த்த மென்பொருளை அனுப்புவதும் இதே வலை வழியாகத்தான். அந்தத் தேவை வராது என்று யாரும் சொல்ல முடியாது. 2020 டிசம்பரில் ஃபோர்ஸ்கவுட் நிறுவன ஆய்வாளர்கள் அம்னீசியா:33 என்ற பெயரில், நான்கு திறந்த மூல வலை நிரல்களில் 33 ஓட்டைகளை வெளியிட்டார்கள். நான்கில் ஒன்று, மேலே மூச்சுவிடாமல் புகழ்ந்தேனே, அதே யுஐபி. பொட்டலத்தில் எழுதியிருக்கும் நீளத்தைச் சரிபார்க்காமல் நம்பியது போன்ற தவறுகள். இரண்டு பத்தி பாராட்டுக்குப் பிறகு இதைச் சொல்ல மனமில்லை; சொல்லாமல் விட்டால் வாதம் பொய்யாகும். சிக்கனமாக எழுதியதும் ஒருநாள் திருத்தப்பட வேண்டும். திருத்தம் பாதியில் மின்வெட்டில் சிக்கினாலும் கருவி பிழைக்க, பழைய நிரல் ஓர் அறையிலும் புதியது இன்னோர் அறையிலும் இருக்க வேண்டும். அதாவது ஃபிளாஷ் இருமடங்கு. 1 மெகாபைட் ஃபிளாஷில் 700 கிலோபைட் நிரல் எழுதியவருக்கு அந்த வழி அடைத்துவிட்டது.

வேகமும் வேண்டாமா என்று சென்ற இதழைப் படித்தவர்கள் விடாமல் கேட்பார்கள். வேண்டும். மெதுவான சில்லில் டிஎல்எஸ்ஸின் முதல் கைகுலுக்கலுக்குச் சில நொடிகள்கூட ஆகலாம். ஆனால் இரண்டு குறைகளும் ஒரே தன்மை உடையவை அல்ல. வேகம் போதாவிட்டால் இணைப்பு தாமதமாக அமையும். ரேம் போதாவிட்டால் அமையவே அமையாது. அதுவும் மேசைமேல் சோதிக்கும்போது அமைந்து, களத்தில் பத்து நாள் ஓடி ரேம் சிதறிய பிறகு அமையாமல் போகும். கண்டுபிடிக்கக் கடினமான பழுது அது. ஆகவே சில்லை முடிவு செய்யும் முன் அதன் சோதனைப் பலகை ஒன்றை வாங்கி, நிஜச் சர்வரோடு டிஎல்எஸ் இணைப்பைப் போட்டு, பின்னணியில் மென்பொருள் புதுப்பிப்பையும் ஓடவிட்டு, அந்த நேரத்தில் கிடைக்கும் மிகப்பெரிய காலித் துண்டு எவ்வளவு என்று அச்சிட்டுப் பார்க்க வேண்டும். சில நாள் ஓடவிட்டு மறுபடி பார்க்க வேண்டும். இரண்டாவது எண் முதல் எண்ணை ஒட்டியே இருந்தால் வாங்கலாம்.

பேட்டரி அடுத்த வாரம், கட்டாயம். இஎஸ்பி32 ஆழ்ந்து தூங்கும்போது சில மைக்ரோஆம்பியர்களில் காலம் தள்ளும். விழித்ததும் கைகுலுக்கலை முதலிலிருந்து தொடங்கினால் சேமித்த மின்சாரமெல்லாம் அதிலேயே கரையும். தூக்கத்திலும் மறக்காத 16 கிலோபைட் ரேம் ஒரு மூலையில் அதற்கு இருக்கிறது. பழைய இணைப்பின் அடையாளத்தை அங்கே முடிந்துவைத்தால் கைகுலுக்கல் சுருங்கும். ஆக, பேட்டரியைப் பற்றிப் பேசினாலும் ரேமில்தான் வந்து நிற்போம் போலிருக்கிறது.

(தொடரும்)