பெயர்கள் ஏன் மறைகின்றன?

1982-ஆம் ஆண்டு வெளிவந்த 'காந்தி' திரைப்படத்தைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதை இயக்கியவர் ரிச்சர்ட் அட்டன்பரோ. காட்டு விலங்குகளையும் கடல்வாழ் உயிர்களையும் தொலைக்காட்சி வழியே உலகுக்குக் காட்டிய டேவிட் அட்டன்பரோ அவருடைய தம்பி. இருவர் பெயரிலும் பின்னால் வரும் 'அட்டன்பரோ' என்பது இங்கிலாந்தின் அரிய குடும்பப் பெயர்களுள் ஒன்று. ஆனால் 'ஸ்மித்' என்ற குடும்பப் பெயரைத் தாங்கியவர்கள் பிரிட்டனில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள்!

ஒரு பெயர் ஆலமரமாகப் படர்கிறது. மற்றொன்று ஒற்றைக் கொடியாக நிற்கிறது. வேறு பல பெயர்கள் சுவடே இல்லாமல் அழிந்துவிட்டன. ஏன் இப்படி? பெருகிய குடும்பம் வலிமை மிக்கது, மறைந்த குடும்பம் நலிந்தது என்று சொல்லிவிடலாமா? இரண்டு நாணயங்களை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விடையை நாமே கண்டுபிடிப்போம்.

பெயர் பிறந்த கதை

நம்மிடையே தந்தையின் பெயர் தலைப்பெழுத்தாக நின்று, தலைமுறைக்குத் தலைமுறை மாறிவிடுகிறது. இங்கிலாந்து வழக்கம் வேறு. அங்கே ஒரே குடும்பப் பெயர் தந்தையிடமிருந்து மகனுக்கும், அவனிடமிருந்து அவன் மகனுக்குமாகப் பல நூற்றாண்டுகள் தொடர்ந்து வருகிறது. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பிறகு இவ்வழக்கம் மெல்ல மெல்லப் பரவி, 14-ஆம் நூற்றாண்டுக்குள் பெரும்பாலும் வேரூன்றிவிட்டது.

பெயர்கள் நான்கு வழிகளில் தோன்றின. தொழிலால் வந்தவை ஸ்மித் (கொல்லர்), டெய்லர் (தையற்காரர்) போன்றவை. தந்தை பெயரால் வந்தது ஜான்சன். ஜானின் மகன் என்பது பொருள். உருவத்தாலோ நிறத்தாலோ வந்தவை ஷார்ட், பிரௌன் போன்றவை. நான்காவது வகை ஊர்ப் பெயர்.

அட்டன்பரோ இந்த நான்காவது வகையைச் சேர்ந்தது. நாட்டிங்காம் நகருக்கு அருகே, ட்ரெண்ட் ஆற்றங்கரையில் அந்த ஊர் இன்றும் இருக்கிறது. 'பரோ' என்பது அரண் என்று பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. அங்கே சரளைக்கல் தோண்டிய பள்ளங்களில் நீர் தேங்கிப் பறவைகள் குடியேறவே, அவ்விடம் இயற்கைக் காப்பிடமாக்கப்பட்டது. 1966-இல் அதைத் திறந்து வைத்தவர் யார் தெரியுமா? டேவிட் அட்டன்பரோதான்!

ஊர்ப் பெயர் யாருக்கு ஒட்டும்? ஊரைவிட்டுப் போனவருக்கே ஒட்டும். ஊருக்குள் எல்லோரும் அவ்வூரார்தானே! சிற்றூரிலிருந்து வெளியேறியவர்கள் சிலராகவே இருப்பர். கொல்லரோ ஊருக்கு ஊர் உண்டு. ஆகவே ஸ்மித் என்ற பெயர் நூற்றுக்கணக்கான இடங்களில் தனித்தனியே தோன்றியது. அட்டன்பரோ ஒரே வட்டாரத்தில் தோன்றியது. இது விடையில் பாதி.

நாணயம் சொல்லும் கதை

மீதிப் பாதிக்கு நாணயங்களைக் கையில் எடுங்கள். 20 குடும்பப் பெயர்களைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் ஒவ்வொரு பெயருக்கும் ஓர் ஆண்மகன். ஒவ்வொருவனுக்காகவும் இரு நாணயங்களை ஒன்றாகச் சுண்டுங்கள். இரண்டும் தலை விழுந்தால் அவனுக்கு இரு மகன்கள்; ஒன்று தலை என்றால் ஒரு மகன்; இரண்டும் பூ என்றால் மகன் இல்லை. மகள்கள் இருக்கலாம், ஆனால் அந்நாட்டு வழக்கப்படி பெயரைத் தொடர்பவர்கள் மகன்களே. பிறகு அந்த மகன்களுக்காக இதே போலச் சுண்டுங்கள். தலைமுறைகள் ஓடட்டும்.

இந்த ஆட்டத்தில் எந்தக் குடும்பத்துக்கும் ஓரவஞ்சனை இல்லை. சராசரியாக ஒருவனுக்கு ஒரு மகன். ஆனால் முதல் தலைமுறையிலேயே 20-இல் 5 பெயர்கள் அழியும். மூன்றாம் தலைமுறை முடிவில் ஏறத்தாழ 10 பெயர்களும், ஐந்தாம் தலைமுறை முடிவில் ஏறத்தாழ 12 பெயர்களும் மறைந்திருக்கும். எஞ்சிய பெயர்கள் ஒவ்வொன்றையும் சராசரியாக இரண்டு, மூன்று பேர் தாங்கியிருப்பர். என் வகுப்பில் இதைச் செய்யச் சொல்லும்போதெல்லாம், வென்ற மாணவன் தன் 'குடும்பத்தின்' பெருமையைப் பேசத் தொடங்கிவிடுவான். அவன் செய்ததெல்லாம் நாணயம் சுண்டியது மட்டுமே!

இறுதியில் என்ன ஆகும்? ஒரு பெயர் என்றாவது அழிவதற்கான நிகழ்தகவை 'அ' என்போம். பெயர் அழிய மூன்று வழிகள் உண்டு. மகனே இல்லாமை: நிகழ்தகவு ¼. ஒரு மகன் பிறந்து, அவன் வழி அழிதல்: ½ அ. இரு மகன்கள் பிறந்து, இருவர் வழியும் அழிதல்: ¼ அ². எனவே,

அ = ¼ + ½ அ + ¼ அ²

இதைச் சுருக்கினால் (அ − 1)² = 0; அதாவது அ = 1. காலம் போதிய அளவு நீண்டால், ஒவ்வொரு பெயரும் அழிந்தே தீரும்!

பாதிரியார் தவறவிட்ட விடை

இக்கேள்வியை 1873-இல் இங்கிலாந்தின் 'எஜுகேஷனல் டைம்ஸ்' இதழில் ஒரு கணக்காக வெளியிட்டவர் பிரான்சிஸ் கால்டன். புகழ் பெற்ற குடும்பங்களின் பெயர்கள் மறைந்துவருவது அவற்றின் நலிவைக் காட்டுகிறதா, அல்லது தற்செயல்தானா என்பது அவருடைய ஐயம். கணக்கைச் செய்தவர் ஹென்றி வாட்சன் என்ற பாதிரியார், கணிதத்தில் வல்லவர், வாயுக்களின் இயக்கக் கொள்கை பற்றி நூல் எழுதியவர். எல்லாப் பெயர்களும் அழியும் என்பது அவர் கண்ட முடிவு.

மகன்களின் சராசரி ஒன்றைத் தாண்டினால் இந்த முடிவு பொருந்தாது. சோதித்துப் பாருங்கள். மகன் இல்லாமைக்கு ¼, ஒரு மகனுக்கு ¼, இரு மகன்களுக்கு ½ என நிகழ்தகவை மாற்றுவோம். சராசரி இப்போது 1¼. சமன்பாடு 2அ² − 3அ + 1 = 0 என ஆகும். இதற்கு இரு மூலங்கள் உண்டு: 1, ½. சரியான விடை சிறிய மூலமாகிய ½. பாதிப் பெயர்கள் அழியும், பாதி நிலைக்கும். வாட்சன் எப்போதும் கிடைக்கும் 1 என்ற மூலத்தோடு நின்றுவிட்டார். இத்தனைக்கும் பிரான்சு நாட்டின் பியனேமே 1845-லேயே சரியான முடிவைச் சொல்லியிருந்தார். டென்மார்க்கின் ஸ்டெஃபென்சன் 1930-இல் முழு விடையையும் தெளிவாக நிறுவினார். இருபடிச் சமன்பாட்டில் முதல் மூலம் கிடைத்ததும் பேனாவை மூடிவிடாதீர்கள்!

கால்டனின் ஐயத்துக்கும் விடை கிடைத்துவிட்டது. எல்லோருக்கும் ஒரே வாய்ப்பு அளித்தாலும் பெயர்கள் மறைகின்றன. பெயர் மறைந்தது குடும்ப நலிவுக்குச் சான்று ஆகாது. வருந்தத்தக்கது யாதெனில், மனிதரில் உயர்ந்த பரம்பரை, தாழ்ந்த பரம்பரை எனப் பிரித்து, உயர்ந்ததையே பெருக்க வேண்டும் என்ற கொள்கைக்கு 1883-இல் பெயர் சூட்டியவரும் இதே கால்டன்தான். அக்கொள்கையின் பெயரால் 20-ஆம் நூற்றாண்டில் பல நாடுகளில் லட்சக்கணக்கான மக்கள் கொடுமைக்கு ஆளாயினர்.

உடலில் எழுதிய சான்று

ஆண்களின் உயிரணுவில் உள்ள ஒய் குரோமோசோம், குடும்பப் பெயரைப் போலவே தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்கிறது. லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் டூரி கிங், மார்க் ஜோப்ளிங் இருவரும் 40 குடும்பப் பெயர்களைச் சேர்ந்த 1,678 ஆண்களின் ஒய் குரோமோசோமை ஆராய்ந்து, 2009-இல் முடிவுகளை வெளியிட்டனர். (அட்டன்பரோ சகோதரர்களின் தந்தை முதல்வராக இருந்த கல்லூரியே பின்னாளில் இப்பல்கலைக்கழகம் ஆயிற்று!)

ஸ்மித்துகளிடம் காணப்பட்ட ஒய் குரோமோசோம்கள் பலவகை. ஊரில் கண்டபடி ஆட்களைத் தேர்ந்தெடுத்தால் எப்படி இருக்குமோ அப்படி. அட்டன்பரோக்களில் பத்துக்கு ஏறத்தாழ ஒன்பது பேரிடம் ஒரே வகை காணப்பட்டது. தொடக்கத்தில் ஓர் அட்டன்பரோ மட்டுமே இருந்திருக்கலாம்; அல்லது சிலர் இருந்து, நாணய ஆட்டத்தில் கண்டதுபோல், ஒருவர் வழி மட்டும் நிலைத்திருக்கலாம். தத்து எடுத்தல், தாயின் குடும்பப் பெயரை ஏற்றல் போன்ற காரணங்களால் மற்ற வகைகளும் கலந்திருக்கக்கூடும்.

இதே கணக்கை உயிரியலார் ஜே. பி. எஸ். ஹால்டேன் 1927-இல் ஜீன்களுக்குப் பயன்படுத்தினார். உயிருக்கு ஒரு சதவீதம் நன்மை தரும் புதிய ஜீன் ஒன்று தோன்றினாலும், அது நிலைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டுதான் என்று கண்டார். இவர் 1957-இல் இந்தியாவுக்கு வந்து, இந்தியக் குடிமகனாகி, 1964-இல் புவனேசுவரத்தில் மறைந்தவர். அணுக்கருத் தொடர்வினையும் இக்கணக்கில் அடங்கும். மகனுக்குப் பதில் நியூட்ரான் என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி ஒன்றுக்குக் கீழே இறங்கினால் தொடர்வினை அவிந்துவிடும்.

இன்னொரு கணக்கும் உண்டு. உங்களுக்குப் பெற்றோர் இருவர். அவர்களின் பெற்றோர் நால்வர். இப்படியே பத்துத் தலைமுறை பின்னோக்கிப் போனால் 1,024 மூதாதையர் இடங்கள்! குடும்பப் பெயர் அவற்றுள் ஒரே ஓர் இடத்திலிருந்து வருவது. மகன் இல்லாத ஒருவரின் பெயர் நின்றுபோகலாம். அவருடைய மகள் வழிப் பேரக் குழந்தைகளிடம் அவருடைய ஜீன்கள் தொடர்கின்றன. ஆதலால் யாரேனும் தம் பரம்பரையின் உயர்வைப் பேசினால் சண்டைக்குப் போகாதீர்கள். இரண்டு நாணயங்களை அவர் கையில் கொடுத்து, சுண்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.