குதிரை ஊர்க்காரனிடம் கேட்ட கேள்வி

எங்கள் நெடுந்தீவில் குதிரைகள் கட்டாக்காலிகளாகத் திரிகின்றன. அவற்றின் மீது எவரும் பந்தயம் கட்டுவதில்லை. ஆனால் ஒவ்வொரு ஏப்ரலிலும் லண்டனிலிருந்து அத்தான் கேட்பார்: "குதிரை ஊர்க்காரன் நீ, ஒரு பெயர் சொல்லு தம்பி."

அவர் கேட்பது லிவர்பூலின் ஏன்ட்ரீயில் நடக்கும் கிராண்ட் நேஷனல் பற்றி. 34 குதிரைகள், 30 தடை தாண்டல்கள், ஏறத்தாழ ஏழு கிலோமீற்றர். பல குதிரைகள் முடிவுக்கோட்டை எட்டுவதே இல்லை. 2009இல் ஒன்றுக்கு நூறு விலையிலிருந்த மோன் மோம் வென்றது. 2019இல் பெரும்பாலானோர் நம்பிய டைகர் ரோல் வென்றது. என்னால் பெயர் சொல்ல முடியாது, கணக்குச் சொல்லலாம்.

'ஈச் வே' முறையில் 5 பவுண்ஸ் கட்டினால் கையிலிருந்து போவது 10. பாதி வெற்றிக்கு, பாதி முதல் சில இடங்களுக்குள் வருவதற்கு. ஒன்றுக்கு இருபது விலைக் குதிரை நான்காவதாக வந்தால், நான்கு இடங்களுக்கு நான்கில் ஒரு பங்கு விலை கொடுக்கும் கடையில் 30 திரும்பும். ஒன்றுக்கு நான்கு விலைக் குதிரை என்றால் கட்டிய 10 மட்டுமே. எத்தனை இடம், எவ்வளவு பங்கு என்பதை முதலில் கேட்க வேண்டும்.

எல்லாக் குதிரைகளின் விலைகளையும் வெற்றி வாய்ப்பாக மாற்றிக் கூட்டினால் நூறு வீதத்தைத் தாண்டும். மேலதிகம் கடைக்காரரின் பங்கு. தொடர்ந்து கட்டுபவர்களில் பெரும்பாலானோர் தோற்பது அதனால்தான்.

ஒருமுறை அத்தான் விட்டதைப் பிடிக்கப் போனார். மாமிக்கு இரண்டு மாதம் காசு வரவில்லை. வீட்டுத்திட்ட வீடு கூரையில்லாமல் நின்றது.

இப்போது நான் சொல்வது இதுதான்: "முதலில் மாமிக்கு அனுப்புங்கோ. பிறகு பத்து பவுண்ஸ், ஒரே ஓட்டம். போனால் போனதுதான்."