நெய்வேலியில் வந்து இறங்கிய உலக அரசியல்



வல்லரசுகளின் போட்டி என்றதும் வாஷிங்டனும் மாஸ்கோவும்தான் நினைவுக்கு வரும். தலித் இலக்கிய மேடையில் அதற்கு என்ன வேலை என்று கேட்பவர்களும் உண்டு. விருத்தாசலத்தின் பீங்கான் சூளைகளுக்கு வந்த களிமண்ணிலிருந்து தொடங்குவோம். அது நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடந்த மண். அந்த மேல்மண்ணை வெட்டிய ராட்சத எந்திரங்கள் மேற்கு ஜெர்மனியிலிருந்து வந்தவை. கீழே கிடைத்த நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுத்த முதல் அனல்மின் நிலையம் சோவியத் உதவியில் எழுந்தது. ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்த இரண்டு முகாம்கள் பழைய தென்னார்க்காடு மாவட்டத்தில் ஒரே குழியின் கரையில் வேலை செய்தன. இது எப்படி நடந்தது, இதில் நமக்கு எது வந்தது, எது வரவில்லை என்பதே இந்த நினைவுரையின் பொருள்.

ஒரு காலத்தில் அரசின் பலம் என்றால் நிலம், வரி, குதிரை, கப்பல். நிலக்கரியும் இரும்பும் அந்தக் கணக்கை மாற்றின. 1871இல்தான் ஒன்றுபட்ட ஜெர்மனி, 1913இல் ஏறக்குறைய 1.75 கோடி டன் எஃகு உருக்கியது. உலகையே ஆண்ட பிரிட்டன் உருக்கியது 80 லட்சம் டன்னுக்கும் குறைவு. பிரிட்டனின் பயம் இந்த எண்களிலிருந்து வந்தது. அதே காலத்தில் தேசியம் வேறொரு வேலையைச் செய்தது. சம்பளத்துக்குச் சண்டையிட்ட படையின் இடத்தில், 'என் நாடு' என்று நம்பி வருகிற லட்சக்கணக்கான குடிமக்களை அது நிறுத்தியது. ஆலை ஆயுதம் கொடுத்தது, தேசியம் ஆள் கொடுத்தது. 1914 செப்டம்பர் 22 இரவு 'எம்டன்' என்ற ஜெர்மானியக் கப்பல் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போனபோது அந்தப் போட்டியின் வெளிச்சம் நம் கடற்கரையிலும் தெரிந்தது. மிரட்டலான ஆளை இன்றும் 'சரியான எம்டன்' என்கிறோமே, அது அன்றைய பீதியின் மிச்சம்.

இந்த இரண்டு சக்திகளையும் நம் பக்கத்திலிருந்து பார்த்தவர் பாபாசாகேப் அம்பேத்கர். 1918இல் இந்தியாவின் சிறு நிலவுடைமை பற்றி எழுதியபோதே, நிலத்தில் தேங்கிக் கிடக்கும் உபரி உழைப்புக்குத் தொழில்மயம்தான் வழி என்றார். பொருளாதாரக் கட்டுரைதான். ஆனால் பண்ணையாரின் களத்திலிருந்து வெளியேற வழி தேடும் ஒருவர் அதைப் படித்தால் வேறு அர்த்தம் கிடைக்கும். 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினராக இருந்தபோது மின்சாரமும் பாசனமும் அவர் பொறுப்பில் வந்தன. மத்திய தொழில்நுட்ப மின் வாரியம் 1944இல் அமைந்தது. அணைக்கட்டையும் மின்சாரத்தையும் நேருவோடு மட்டும் சேர்த்துப் படிக்கும் நம் பாடநூல்கள் இதைச் சொல்வதில்லை.

1951 அக்டோபரில் அமைச்சர் பதவியைத் துறந்தபோது அவர் சொன்ன காரணங்களில் வெளியுறவுக் கொள்கையும் ஒன்று. நமக்கு நண்பர்களே இல்லாத நிலை உருவாகிவிட்டது, ஆண்டு வருவாய் 350 கோடியில் 180 கோடி ராணுவத்துக்குப் போகிறது என்று கணக்குக் காட்டினார். இந்து சட்டத் தொகுப்புக்காகப் பதவி விலகினார் என்று மட்டும் மேடையில் சொல்கிறோம். இந்தக் கணக்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அடுத்த சில ஆண்டுகளில் நிலைமை மாறியது. புதிதாக விடுதலை பெற்ற நாடுகளைத் தம் பக்கம் இழுக்க இரு முகாம்களும் போட்டியிட்டன. எந்த முகாமிலும் சேராத இந்தியா அந்தப் போட்டியைப் பேரமாக மாற்றிக்கொண்டது. பிலாய் எஃகு ஆலை சோவியத் உதவி, ரூர்கேலா மேற்கு ஜெர்மனி, துர்காபூர் பிரிட்டன். மூன்றும் தலா பத்து லட்சம் டன் திறனோடு கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் எழுந்தன. பொக்காரோவுக்கு அமெரிக்கா வரும் என்று எதிர்பார்த்தார்கள். அரசுத் துறை ஆலைக்கா நம் பணம் என்று அங்கே எதிர்ப்பு எழுந்தது, 1963இல் அது நடக்காமல் போனது, சோவியத் வந்து கட்டியது.

நெய்வேலிக் கதையும் இந்த ஆண்டுகளுடையதுதான். 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் ஆழ்கிணறு போட்டபோது நீரோடு கறுப்புப் பொருள் வந்தது என்பது எல்லாரும் சொல்லும் வரலாறு. நில உடைமையாளர் பெயர் நிற்கிறது, கிணறு போட்ட கைகளின் பெயர் நிற்கவில்லை. 1956 நவம்பரில் நெய்வேலி நிறுவனம் பதிவானது. 1957 மே மாதம் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். அதே ஆண்டு நவம்பரில் சோவியத் ஒன்றியம் தந்த 50 கோடி ரூபிள் கடனில் நெய்வேலி மின்நிலையமும் இடம்பெற்றது. 1961இல் நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது, 1962இல் முதல் 50 மெகாவாட் அலகு ஓடியது.

மேற்கு ஜெர்மனி ஏன் வந்தது? பழுப்பு நிலக்கரி வெட்டுவதில் ஜெர்மானியர் கைதேர்ந்தவர்கள் என்பது ஒரு காரணம். இன்னொன்று அரசியல். அன்று ஜெர்மனி இரண்டாகப் பிரிந்து கிடந்தது. கிழக்கு ஜெர்மனியை அங்கீகரிக்கும் நாட்டோடு உறவை முறிப்போம் என்பது 1955 முதல் மேற்கு ஜெர்மனியின் கொள்கை. இந்தியா போன்ற நாடு தன் பக்கம் இருக்க வேண்டும் என்பது அதற்கு மானப் பிரச்சினை. இந்தியா 1972 வரை கிழக்கு ஜெர்மனியை அங்கீகரிக்கவில்லை. தமிழ்நாட்டிலோ 'வடக்கு வாழ்கிறது, தெற்கு தேய்கிறது' என்ற முழக்கம் ஓங்கி ஒலித்த காலம். தெற்கிலும் பெரிய ஆலை வேண்டும் என்ற நெருக்கடி மத்திய அரசுக்கு இருந்தது. இப்படி மூன்று தேசியங்கள், இரண்டு முகாம்கள், ஒரு சுரங்கம்.

நமக்கு எது வந்தது? இந்த ஆலைகள் அரசுடைமையாகப் பிறந்ததால்தான் பின்னர் அவற்றில் இடஒதுக்கீடு கேட்க முடிந்தது. சேரியிலிருந்து போன பிள்ளை குடியிருப்பில் வீடு வாங்கியது, அடுத்த தலைமுறை பொறியியல் படித்தது எல்லாம் அந்த வழியில் வந்தவை. தனியார் ஆலையாக இருந்திருந்தால் அந்தக் கோரிக்கைக்கே இடமில்லை. 1991இல் சோவியத் ஒன்றியம் மறைந்தது, அதே ஆண்டு இந்தியா தாராளமயத்துக்குத் திரும்பியது. பேரம் பேச இரண்டாவது முகாம் இல்லை. நிரந்தர வேலை சுருங்க, ஒப்பந்தத் தொழிலாளர் பெருகினார்கள். ஒப்பந்தக்காரரின் ஆள் பட்டியலில் இடஒதுக்கீடு கிடையாது. 2013இல் பங்கு விற்பனை வந்தபோது தமிழ்நாடு அரசு தன் நிறுவனங்கள் மூலம் 3.56 விழுக்காடு பங்கை வாங்கிக்கொண்டது, நல்ல காரியம். ஆனால் 'நம் நெய்வேலி' என்று பேசிய மாநிலத் தேசியம் ஒப்பந்தத் தொழிலாளியை அந்த 'நம்'முக்குள் சேர்க்க அதே வேகம் காட்டவில்லை.

நிலத்தின் கதை இன்னும் கசப்பானது. 1894ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம் உரிமை உள்ளவருக்கு இழப்பீடு தந்தது. பட்டா இல்லாத கூலி, நடவுக்கும் அறுப்புக்கும் போன பெண்கள், இவர்கள் இழந்தது நிலமல்ல, வேலை. அதற்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை. 2013ஆம் ஆண்டு மத்தியச் சட்டம்தான் அந்த நிலத்தை மூன்றாண்டுகள் நம்பி வாழ்ந்த விவசாயக் கூலிகளையும் குத்தகையாளர்களையும் 'பாதிக்கப்பட்ட குடும்பம்' என்று ஏற்றது. தமிழ்நாடு தன் 1997ஆம் ஆண்டுத் தொழில் நில எடுப்புச் சட்டத்தை அதிலிருந்து விலக்கிக்கொண்டது. 2019 ஜூலையில் உயர் நீதிமன்றம் அந்த விலக்கு செல்லாது என்றது, அரசு அதே ஆண்டு புதிய சட்டத்தால் அதை உயிர்ப்பித்தது, 2021இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. இழப்பீட்டு அட்டவணைகள் பொருந்தும் என்கிறார்கள். சமூகத் தாக்க மதிப்பீடு மட்டும் போய்விட்டது. நிலமில்லாதவர் யார், எத்தனை குடும்பம் என்று எண்ணும் வேலை அந்த மதிப்பீட்டில்தான் இருக்கிறது.

2023 ஜூலையில் வளையமாதேவியில் கதிர் விட்ட நெல்லின் மீது எந்திரங்கள் ஓடியதை நாடே பார்த்தது. விவசாயியின் பயிர் பற்றிப் பெரிய விவாதம் நடந்தது, நடக்க வேண்டியதுதான். அந்த அறுப்புக்குப் போயிருக்க வேண்டியவர்களின் கூலியை அந்த விவாதத்தில் யாரும் கணக்கில் எடுக்கவில்லை. சமூகவியல் படிக்கும் மாணவர்கள் அந்தக் கணக்கை ஊர் ஊராகப் போய் எடுக்கத் தொடங்கலாம்.