அயலவர் கையில் ஓர் உயிர்

சில ஆண்டுகளுக்கு முன்னர், எங்கள் ஊர்க்கோயிலின் தேர்த் திருவிழாவிலே வடம் பிடித்து வந்த பெரியவர் ஒருவர் திடீரெனச் சாய்ந்து வீழ்ந்தார். ஓடிச் சென்று சூழ்ந்தோம். ஒருவர் சால்வையால் விசிறினார். ஒருவர் முகத்தில் நீர் தெளித்தார். மற்றொருவர் சோடா கொணர்ந்தார். வைத்தியசாலையை அடையுமுன் அவர் உயிர் பிரிந்துவிட்டது. இருபது ஆண்டுகளாக இருதயத்தின் படத்தைக் கரும்பலகையில் வரைந்து மாணாக்கருக்கு விளக்கிவரும் நானும் அன்று கைகட்டி நின்றவர்களுள் ஒருவன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவவில்லை.

இருதயம் நின்றால் குருதியோட்டம் நிற்கும். பிராணவாயு பெறாத மூளை நான்கைந்து நிமிடங்களிலே பழுதடையத் தொடங்கும். 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் கட்டணமின்றி வரும் ‘சுவசெரிய’ அம்புலன்ஸ் சேவை, 2018ஆம் ஆண்டு வட மாகாணத்திற்கும் வந்தது. அது பெரும் பேறே. ஆயினும், வண்டி எத்துணை விரைந்து வரினும், அம்முதல் நிமிடங்கள் அருகில் நிற்பவர் கையிலேயே உள்ளன.

நெஞ்சைப் பிளவாமல், வெளியிலிருந்து அழுத்தியே குருதியை ஓடச் செய்யலாம் என்பதை 1960இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் நிலையத்து அறிஞர் கூவன்ஹோவன், ஜூட், நிக்கர்பொக்கர் ஆகிய மூவரும் உலகிற்கு அறிவித்தனர். அதற்குக் கருவி ஏதும் வேண்டியதில்லை.

வளர்ந்தவர்க்குரிய முறை இதுவாகும். வீழ்ந்தவரின் தோளைத் தட்டி அழையுங்கள். உணர்வும் இயல்பான மூச்சும் இல்லையாயின், 1990ஐ அழைக்குமாறு ஒருவரை ஏவுங்கள். விட்டுவிட்டு வரும் ஏங்கல் மூச்சைக் கண்டு ஏமாந்துவிடாதீர்கள். அவரைக் கடினமான தரையில் மல்லாக்கக் கிடத்தி, மார்பெலும்பின் கீழ்ப்பாதியில் ஓர் உள்ளங்கையின் அடிப்பகுதியை ஊன்றி, மறு கையை அதன்மேல் கோத்து, முழங்கை மடங்காமல் 5 முதல் 6 சென்ரிமீற்றர் ஆழத்திற்கு அழுத்துங்கள். நிமிடத்திற்கு 100 முதல் 120 தடவை அழுத்துதல் வேண்டும். ஒவ்வொரு தடவையும் நெஞ்சு முற்றாக மேலெழ இடங்கொடுங்கள். பயின்றவர்கள் 30 அழுத்தங்களுக்குப் பின் இருமுறை வாய்வழி மூச்சு ஊதுவர்; பயிலாதவர் இடையறாது அழுத்தினாலும் பயனுண்டு. உணர்வற்றவர் வாயில் நீரோ சோடாவோ ஊற்றுதல் கேடு விளைக்கும்.

வளவுதோறும் கிணறும், சுற்றிலும் கடலும் உடையது நம் குடாநாடு. நீரில் மூழ்கியவருக்கு முதலில் நிற்பது மூச்சு. ஆதலின் அவருக்கு மூச்சூட்டல் இன்றியமையாதது. காலைப் பற்றித் தலைகீழாகச் சுழற்றும் பழைய வழக்கம் பொன்னான நேரத்தை வீணாக்குவதன்றி வேறொன்றும் செய்யாது.

இவற்றை வாசித்தால் மட்டும் போதாது. பயிற்சிப் பொம்மையின் மீது கைபழக வேண்டும். 1847இல் இங்கு வந்த டொக்டர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மேனாட்டு வைத்தியத்தையே தமிழிற் கற்பித்தார். அத்தகைய மண்ணிலே, பாடசாலைகளிலும் சனசமூக நிலையங்களிலும் கோயில் மண்டபங்களிலும் இச்சிறு பயிற்சியைத் தமிழில் நடாத்துதல் அரிதாகுமா?

பிந்தியேனும் நான் பயின்றுகொண்டேன். அப்பெரியவருக்கு அது உதவாது. அடுத்து வீழ்பவர் நம் தந்தையாகவும் இருக்கலாம். அவர் அருகில் நிற்பவர் பயின்றவராக இருத்தல் வேண்டும்.